வெறும் வாயாக மடக்கிய கத்தி

அன்று காலை வேலைக்குக் கிளம்புமுன் வீரமலை கடைசியாகச் செய்தது, மனைவி வேலம்மாள் கட்டி முடித்திருந்த கனகாம்பரச் சரத்தின் நாரை அறுத்துக் கொடுத்ததுதான். இடுப்புப் பெல்ட்டின் வலப்பக்கம் தைத்த தோலுறையைத் திறந்து, மான்கொம்புப் பிடி போட்ட மடக்குக் கத்தியை எடுத்தான். கட்டைவிரல் நகத்தால் விரித்து, நாரை அறுத்து, மடக்கினான். டக். உறையில் போட்டுப் பொத்தானை அழுத்தினான். டிக். ஒன்பது வருஷமாக அவள் நாளுக்குப் பத்துத் தடவை கேட்ட சத்தங்கள்.

வீரமலையும் அவனோடு வாழைத்தார் வெட்டுகிறவர்களும் ஒன்றில் கண்டிப்பாக இருந்தார்கள். விரித்த கத்தியை வெறும் வாயாக மடக்க மாட்டார்கள். ஒரு புல், ஒரு இலைக் கிழிசல், அதுவும் இல்லையென்றால் வேட்டி நூல் ஒன்று, எதையாவது அறுத்த பிறகுதான் மடக்குவார்கள்.

"வாயத் தொறந்தவனுக்கு ஒரு வாய் சோறாவது போடணும் புள்ள" என்பான். ஒன்றும் அகப்படாத நாளில் மீசையிலிருந்து ஒரு முடியை அறுத்துக்கொள்வான்.

"இப்படியே போனா உங்க மீசை பூரா அதுக்கே சோறு மாமா. அப்பறம் எனக்கு என்ன மிச்சம்?" என்று அவள் கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே தோட்டத்துக்குப் போனான்.

அறுபத்திரண்டாம் வருஷம், வைகாசி. காவிரியில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. உச்சிக்கு முன்னாலேயே வீரமலை திரும்பி வந்துவிட்டான். வாசலில் நின்றவனின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வேலம்மாள் பார்த்தது அவன் இடுப்பைத்தான். உறை திறந்து கிடந்தது. மேல்தோல் நாக்கைப் போலத் தொங்கியது.

"மாமா, பட்டன் போடல."

வேறு யாருடைய இடுப்பையோ பார்ப்பது போல் குனிந்து பார்த்துவிட்டு அழுத்தினான்.

"காத்தான் நாவ மரத்துல தூக்குல தொங்கிட்டான்" என்றான்.

காத்தான் தோட்டத்துக் காவல்காரன். தீராத வயிற்றுவலிக்காரன். தினமும் விடிந்ததும் வேலம்மாளிடம் வந்து ஒரு சொம்பு நீராகாரம் வாங்கிக் குடித்துவிட்டு, "நாளைக்குக் கொஞ்சம் உப்பக் கொறச்சுப் போடு தங்கச்சி, காவிரியே கடலாயிடுச்சுன்னு நெனச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவன். அன்று காலையும் வந்திருந்தான். அதையேதான் சொன்னான்.

"யாரு எறக்குனா?"

"இன்னும் எறக்கல. போலீஸ் வரணும். ரெங்கராஜ் அய்யா யாரையும் தொட விடல." ரெங்கராஜ் தோட்டத்துக் குத்தகைக்காரர். "கை வெச்சவன் தலையில கேஸ் விழும்னாரு."

"இன்னுமா தொங்குறாரு?"

"ம்."

அரை மைலுக்கு அந்தப்பக்கம், கரையோரத்து நாவல் மரத்தில், இந்த நிமிஷம் காத்தான் ஆடிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே அவள் கொதிக்கிற சோற்றை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

"நீங்க கத்திய எடுத்தீங்களா?"

"எடுத்தேன். விரிச்சேன்."

"அப்பறம்?"

"அவரு சத்தம் போட்டாரு. மடக்கிட்டேன்."

எதை அறுத்துவிட்டு மடக்கினீர்கள் என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை.

மாலையில் போலீஸ் வந்து, கழுத்துக்கு மேலே அரிவாளால் வெட்டிக் காத்தானை இறக்கியது. கிளையில் கட்டிய முடிச்சும் அதிலிருந்து தொங்கிய ஒரு முழக் கயிறும் மரத்திலேயே நின்றுவிட்டன.

மூன்றாம் நாள் வீரமலை கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தான். பெல்ட் சுவரில், ஆணியில் தொங்கியது. உச்சி வெயில் ஓட்டுச் சந்து வழியாக ஒற்றைக் கோடாக இறங்கி அதன்மேல் விழுந்திருந்தது. அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த வேலம்மாளுக்கு டிக் என்று கேட்டது. குழவியை நிறுத்தினாள். வாளியில் தண்ணீர் மொள்ளும் சத்தம், தெருவில் ஒரு வண்டியின் அச்சு முனகிக்கொண்டு போகிற சத்தம், அதற்கும் அடியில், மிக மெதுவாக, தோல் விரிகிற சத்தம். உறை திறந்திருந்தது. கத்தியின் முனை விரல் நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கிட்டே போனபோது வாழைக்கறை வாடை வரவில்லை. ஈரக் கயிற்றின் வாடை வந்தது. அவள் எடுத்து மடக்கினாள். மடங்கியது. ஆனால் அந்த டக் கேட்கவில்லை. எச்சில் ஊறிய வாய் மூடுவதைப் போல, சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு தினமும் உச்சியில் அது விரிந்தது. அவன் இடுப்பில் இருக்கும்போதே தோலைக் குத்திக்கொண்டு உள்ளே இறங்கியது. எட்டாம் நாள் அவன் வேட்டியின் வலப்பக்கம் முழங்கால்வரை ரத்தமாக வந்து நின்றான்.

"உறை பழசாயிடுச்சு" என்றான்.

இடுப்பில் ஐந்து கீறல்கள் இருந்தன. ஒன்றின்கீழ் ஒன்றாக, ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஆழமாக. மஞ்சள் வைத்துக் கட்டும்போது, அவன் காயத்தைத் தொடாமல் கழுத்தைத் தடவிக்கொண்டே இருப்பதைக் கவனித்தாள். சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிவிட்டிருந்தான். தோளில் துண்டு போடுவதையும் விட்டிருந்தான்.

"அங்க என்ன?"

"அரிக்குது. நார் பட்டிருக்கும்."

கத்தியை வீட்டில் விட்டுவிட்டுப் போகச் சொன்னாள். விட்டுவிட்டுத்தான் போனான். மத்தியானம் அவன் திரும்பியபோது அது அவன் இடுப்பில் இருந்தது. ஆணி வெறுமையாக இருந்தது. எப்போது எடுத்தான் என்று அவனுக்கும் தெரியவில்லை. அவள் அதற்கு இலை கொடுத்தாள், கரும்பு கொடுத்தாள், கடைசியில் முட்டையிடும் கோழியையே கொடுத்தாள். கோழியின் தலை முற்றத்தில் கண்ணைத் திறந்து திறந்து மூடியது. மறுநாள் உச்சியில், டிக்.

அந்தக் கத்தியைச் செய்து கொடுத்தவர் காந்தி மார்க்கெட் பக்கம் சாணை பிடிக்கும் நசுருதீன். கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு வேலம்மாள் பஸ் ஏறிப் போனாள்.

"ஸ்பிரிங் போயிடுச்சு பாய். மூட மாட்டேங்குது."

"என் பொண்டாட்டி வாயத் தவிர நான் மூட முடியாதது இந்தத் திருச்சியில ஒண்ணும் இல்லம்மா" என்று பக்கத்துக் கடைக்காரருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுக் கத்தியை வாங்கினார். விரித்தார். லுங்கி ஓரத்தில் தொங்கிய நூலொன்றை அறுத்தார். மடக்கினார். சத்தம் இல்லை. மறுபடி விரித்து, கண்ணருகே பிடித்து, முதுகுக் கம்பியை நகத்தால் சுண்டிப் பார்த்தார். மறுபடி மடக்கினார். சிரிப்பு போய்விட்டது. மோந்து பார்த்தார். தன் கழுத்தை ஒரு தடவை தடவிக்கொண்டார்.

"ஸ்பிரிங்குல ஒரு கொறையும் இல்லம்மா. அதான் எனக்குப் புரியல."

"இங்கயே வெச்சுக்குங்க பாய்."

"வேணாம். காசு வேணாம், வேற கத்தி தரேன். இது இங்க வேணாம்."

காகிதத்தில் சுற்றி, சணல் கயிற்றால் நாலு சுற்றுச் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டு, அவள் கையில் தராமல் பலகையில் வைத்தார்.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. பின்னால் மலைக்கோட்டை, முன்னால் தென்னைகளுக்கு மேலே மொட்டைக் கோபுரம், கீழே கண் கூசுகிற மணல். மடியில் ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தாள். சணலின் நாலு சுற்றும் அறுந்து இரண்டு பக்கமும் விழுந்துகொண்டிருந்தன, ஒன்று, அடுத்தது, அடுத்தது. காகிதத்தில் ஒரு கிழிசல்கூட இல்லை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அது கேட்பது இலையும் கோழியும் இல்லை. அன்றைக்கு அறுக்காமல் விட்ட கயிறு.

வீட்டுக்கு வந்ததும் அதைச் சொன்னாள். "மரத்துல மிச்சக் கயிறு தொங்குதே மாமா. அத உங்க கையால அறுத்துடுங்க. அடங்கிடும்."

வீரமலை தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"அவன் அப்ப சாகல புள்ள."

"யாரு?"

"கால் கட்டவெரல் ஆடுச்சு. என்னத்தான் பாத்தான். நான் விரிச்சத பாத்தான். ரெங்கராஜ் அய்யா கத்துனாரு. எனக்குக் கேஸுன்னா பயம். மடக்கிட்டேன்." கழுத்தைத் தடவினான். "அந்த டக்குனு சத்தம் அவன் காதுல விழுந்திருக்கும். அவன் கடைசியா கேட்டது அதுதான்."

மறுநாள் இருவருமாகப் போனார்கள். உச்சி வேளை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, வாழைத்தோட்டத்துக்குள் பச்சையாக ஒரு இருட்டு. சருகுகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம், எங்கோ கறை சொட்டுகிற சத்தம், அழுகிய மட்டையும் சேறும் கலந்த வாடை. பத்தடி போனதும் வேலம்மாள் நின்றுவிட்டாள். இரண்டு பக்கமும் மரங்கள் வெட்டப்பட்டிருந்தன. குலை தள்ளியவை, தள்ளாதவை, எல்லாம் ஒரே உயரத்தில். ஒரு ஆளின் கழுத்து உயரத்தில். வெட்டுவாயிலிருந்து கறை வடிந்து தண்டெல்லாம் கறுத்திருந்தது.

"யாரு வெட்டுனது?"

"தெரியல" என்றான் வீரமலை. அவன் உள்ளங்கைகள் கறுத்திருந்தன.

நாவல் மரம் வரப்பின் முனையில் நின்றது. காற்றே இல்லை. அந்த ஒரு முழக் கயிறு மட்டும் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

வீரமலை கத்தியை விரித்தான். வரப்பில் ஏறிக் கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பில் அறுத்தான். கயிறு அவன் காலடியில் விழுந்தது. வேலம்மாள் மூச்சு விட்டாள்.

"மடக்குங்க மாமா."

மடக்கினான்.

சத்தம் இல்லை.

கத்தி மறுபடி விரிந்தது. அவன் விரல் அதன்மேல் படவே இல்லை.

"இன்னும் இறுக்குது" என்றான்.

"எங்க?"

"இங்க." இடது கையால் கழுத்தைப் பிடித்தான். அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் தோல் உள்ளே போயிருந்தது. சுற்றிலும். கயிற்றின் முறுக்கு ஒவ்வொன்றாகப் பதிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதிந்தது.

"இரு காத்தான்" என்றான். குரல் நெரிந்தது. "இரு, அறுத்துடறேன்."

கத்தி மேலே போனது.

அவள் பாய்ந்து பிடித்தாள். பிடியைப் பிடிக்கவில்லை, அலகைப் பிடித்தாள். நாலு விரலும் எலும்புவரை திறந்தன. வலி தெரியவில்லை. அவன் கையை இழுத்தான். அறுத்தான். தன் கழுத்தில். கயிறு இருக்கிற இடத்தில். பக்குவமாக, நார் அறுப்பது போல. வெதுவெதுவென்று அவள் முகத்தில் அடித்தது. வாயில் உப்பு.

மறுபடி அறுத்தான்.

மறுபடி.

கத்தி கையிலிருந்து நழுவியது. அது தரையில் விழுந்த சத்தம் கேட்கவில்லை. கேட்டது அவன் இடுப்பிலிருந்து.

டக்.

டிக்.

அவன் இரண்டு கையும் தொங்கின. குதிகால் தூக்கியது. பிறகு விரல். தரையிலிருந்து ஒரு சாண். மேலே கிளையில் ஒன்றும் இல்லை. அவன் கழுத்துக்கும் கிளைக்கும் நடுவே ஒன்றும் இல்லை. தொங்கினான்.

வேலம்மாள் அவன் கால்களைக் கட்டிக்கொண்டு மேலே தூக்கினாள். பாரம் இறங்காமல் இருக்க. மூச்சு விட. கத்தினாள். வாழைகளுக்கு நடுவே காலடிகள் ஓடி வந்தன. தார் வெட்டுகிறவர்கள், ஆறேழு பேர். எல்லார் இடுப்பிலும் பெல்ட். எல்லா உறையும் பூட்டியிருந்தது. நின்றுவிட்டார்கள்.

"பிடிங்க! யாராச்சும் வந்து பிடிங்க!"

ஒருவன் ஒரு அடி முன்னால் வந்தான்.

"யாரும் தொடாதீங்கப்பா" என்றது ரெங்கராஜின் குரல், பின்னாலிருந்து. "போலீஸ் வரட்டும்."

முன்னால் வந்த கால் பின்னால் போனது.

அவள் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள். ரத்தம் அவள் நெற்றி வகிட்டில் விழுந்து இரண்டு பக்கமும் வழிந்தது. அவள் வயிற்றில், சேலைக்கு மேலே, அவன் கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது.

பெல்ட் இன்றும் அதே ஆணியில் தொங்குகிறது. கத்தி உள்ளேதான் இருக்கிறது. பொத்தான் பூட்டியிருக்கிறது.