வாய்மைக்கடிகையும் ஃபைவ் மினிட்ஸும்

வாய்மைக்கடிகை வந்தபின் எவரும் "ஃபைவ் மினிட்ஸ்ல வந்துடறேன்" என்று சொல்லித் தப்ப முடியவில்லை. சொல்லலாம், கேட்பவர் செவிக்கு அது போய்ச் சேராது. எல்லாத் தொலைபேசி இணைப்புகளிலும் குடியேறியிருந்த அக்கருவி, நிலைமையைக் கணித்து, பேசுபவரின் குரலிலேயே மெய்யான நேரத்தைப் பொருத்திவிடும். வீட்டில் சட்டைப் பொத்தானைப் போட்டபடி ஒருவன் "ஃபைவ் மினிட்ஸ்" என்றால், அலுவலகத்தில் அவனுடைய அதிகாரி "ஒன்றேகால் மணி நேரம்" என்றே கேட்பார்.

அதைப் படைத்தவள் கோமளவல்லி. அவள் திருமணத்தன்று, முகூர்த்தம் நெருங்கிய வேளையில் மாப்பிள்ளை பொன்னம்பலம் "இதோ, ஃபைவ் மினிட்ஸ்" என்று சொன்னது தாம்பரத்திலிருந்து, மண்டபமோ மயிலாப்பூரில். ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடம்தானே! நாடே கூசாமல் சொல்லித் திரிந்த அந்தப் பொய்யின்மேல் அன்று மூண்ட ஆத்திரம் ஆறவேயில்லை. "எவருக்கும் விலக்குக் கிடையாது" என்று சட்டத்தில் சேர்க்க வைத்தவளும் அவளே.

இன்று சுரங்க ரயில் பாதை சரிந்தது. உள்ளே பழுதுபார்க்கப் போயிருந்த பொன்னம்பலம் சிக்கிக்கொண்டான். தொலைபேசி ஒன்றே மிச்சம்.

"கோமளா, ஒரே இருட்டுடி. மூச்சு முட்டுது. எப்ப வருவாங்க?"

மீட்புப் பொறியாளர் டேனியல் அவள் பக்கம் குனிந்தார். "பயந்தா மூச்சு வேகமாகும், மேடம். இருக்கற காத்து சீக்கிரம் தீந்துடும். எதையாவது சொல்லித் தேத்துங்க."

"பயப்படாதீங்க. ஃபைவ் மினிட்ஸ்ல எடுத்துடுவாங்க," என்றாள் கோமளவல்லி.

மறுமுனையில் பொன்னம்பலம் கேட்டான்: "ஒன்பது மணி நேரமா?"

"இல்லைங்க! ஃபைவ் மினிட்ஸ்தான்!"

"ஏன்டி, ஒருதடவை சொன்னாப் போதாதா?"

"அந்தக் கருவியை நிறுத்துங்க, மேடம்!" என்று பதறினார் டேனியல்.

"நிறுத்த வழியே வைக்கல, சார்."

பொன்னம்பலத்தின் மூச்சு இரைத்தது. பிறகு, எப்படியோ, அவன் சிரித்தான்.

"சரி, நீ எனக்காகக் காத்திருக்காம சாப்பிடு. நான்..." அடுத்த சொல் அவன் குரலிலேயே, தெளிவாக, பிழையின்றி வந்தது: "வரமாட்டேன்."

இணைப்பு அறுந்தது.

"அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார், சார்," என்றாள் கோமளவல்லி. இத்தனை ஆண்டுகளாக அவளுக்கு எரிச்சலூட்டிய அந்த இரண்டு சொற்களைத்தான் அவன் சொல்லியிருப்பான். ஒரே ஒருமுறை அவற்றைக் கேட்டுவிட அவள் அந்த அழைப்பின் பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள்.

வாய்மைக்கடிகை பொய்களைச் சேமிப்பதில்லை. அவள் அப்படித்தான் செய்திருந்தாள்.