கோராவின் பெயரில் ஒரு வீடு

"இந்தக் கார்டு எடுக்காதுங்க, மேடம்."

"ஏன் எடுக்காது? உள்ள நானூறு டாலர் இருக்கு. நேத்துதான் போட்டேன்!"

கோரா கார்டை மறுபடியும் மேசைமேல் தள்ளினாள். வெளியே ஜூன் மாத மழை கொட்டிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ஏரிக்கரை ஊரான டுலூத்தில் அன்று ஏரி எது, வானம் எது என்றே தெரியவில்லை. வாடகைக் கார் அலுவலகத்தின் வாசலில் ஆறு வாளி நிறைய வெள்ளைப் பியோனிப் பூக்கள் காத்திருந்தன. பன்னிரண்டு மணிக்குத் தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம், பூ அலங்காரம் அவள் பொறுப்பு. அக்காவின் கார் பாதி வழியில் மூச்சை விட்டுவிட்டது...

மேசைக்குப் பின்னால் இருந்தவன் சட்டையில் 'வெண்டல்' என்று பெயர்ப் பட்டை. கண்ணாடிக்குள் சாம்பல் நிறக் கண்கள். அமைதியான கண்கள்... 'சீ, இந்த நேரத்தில் கண்ணையா பார்ப்பது!' என்று கோரா தன்னையே திட்டிக்கொண்டாள்.

"இது ப்ரீபெய்டு கார்டுங்க. இதுக்கு வண்டி தரக்கூடாதுன்னு கம்பெனி ரூல்."

"ரூல் போட்ட மகராசன் வந்து இந்தப் பூவைச் சுமப்பாரா?"

"அவர் வரமாட்டார். நான் வரேன். இன்னும் பத்து நிமிஷத்துல என் ஷிப்ட் முடியுது. பின்னாடி என் பிக்கப் வண்டி நிக்குது."

"ஐயோ, வேண்டாங்க."

"அந்தப் பக்கம்தான் போறேன்."

"உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்..."

"அட, சும்மா வாங்க மேடம்!"

மினசோட்டாக்காரர்கள் எதையும் மூன்றாவது முறை கேட்டபிறகுதான் ஒப்புக்கொள்வார்கள். அதற்கு முன்னால் சரி என்றால் அற்பத்தனம். கோராவும் மூன்றாவது முறையில் ஏறி உட்கார்ந்தாள்.

நாலு வாளி பின்னால் தார்ப்பாய்க்கு அடியில். இரண்டு வாளி அவள் மடியில். பூக்களுக்கு நடுவே அவள் முகம் மட்டும் தெரிந்தது. அவன் சாலையைப் பார்க்க ரொம்பவே பாடுபட்டான், பாவம்.

"சொந்தப் பூக்கடையா?"

"இருந்துச்சு. என் புருஷன் ரெண்டு பேர் பேர்லயும் கடனை வாங்கித் தள்ளிட்டு, ஒருநாள் சொல்லாம கொள்ளாம கிளம்பிட்டான். கடை போச்சு. கோர்ட்டுக்குப் போய் திவால்னு எழுதிக் குடுத்தேன். இப்போ அக்கா வீட்டு நிலவறையில ஒரு கட்டில்..." சட்டென்று அவள் குரல் துள்ளியது. "ஆனா அதெல்லாம் நாளையோட சரி! மேட்டுத் தெருவுல ஒரு வாடகை வீட்டுக்கு விண்ணப்பம் போடப்போறேன். ஒரே அறைதான். ஜன்னல்ல ஏரி தெரியும்!"

"வீட்டுக்காரங்க கிரெடிட் ஸ்கோர் கேப்பாங்களே?"

"கேக்கட்டுமே! பதினாலு மாசமா இந்தக் கார்டுல பணம் போட்டுப் போட்டு, ஒரு பில்லு கூட தவறாம கட்டியிருக்கேன். ஸ்கோர் இந்நேரம் எங்கேயோ ஏறியிருக்கும்."

சொல்வதா, விடுவதா... வெண்டல் இரண்டு சிக்னல் தாண்டும்வரை தவித்தான்.

"அது... ஏறாதுங்க."

"என்னது?"

"கார்டுல இருக்கிறது உங்க சொந்தப் பணம். கடன் வாங்கி, தேதி தவறாம திருப்பிக் கட்டினாத்தான் ஸ்கோர்ல எழுதுவாங்க. நீங்க கடனே வாங்கலையே. அந்தப் பதினாலு மாசமும் எங்கயும் பதிவாகியிருக்காது..."

"உங்ககிட்ட யாரு கேட்டா?"

தேவாலய வாசலில் ஆறு வாளியையும் அவளே தூக்கினாள். நன்றிகூடச் சொல்லவில்லை. அந்த ஊரில் அது கன்னத்தில் அறைந்த மாதிரி.

ஒரு வாரத்தில் விண்ணப்பம் திரும்பி வந்தது. ரொம்ப மரியாதையாக, 'வருந்துகிறோம்' என்று. கோரா நிலவறைப் படியில் உட்கார்ந்து அழுதாள். ஓடிப்போனவன்மேல் கோபம், கார்டுமேல் கோபம், எல்லாரையும்விட உண்மையைச் சொன்ன அந்தக் கண்ணாடிக்காரன்மேல் கோபம்! நாலாம் நாள் நேராக அவன் அலுவலகத்துக்கே போய் நின்றாள்.

"நீங்க சொன்ன மாதிரியே ஆச்சு. சந்தோஷமா?"

"இல்லைங்க" என்றான் வெண்டல். அவன் முகம் நிஜமாகவே வாடிப்போனது. "சாப்பிட்டீங்களா?"

எதிர்க் கடையில் காட்டரிசி சூப் ஆவி பறந்தது. அவன் பொறுமையாகச் சொன்னான். பேங்கில் முந்நூறு டாலர் டெபாசிட் கட்டினால், அதைப் பூட்டி வைத்துக்கொண்டு அதே அளவுக்கு ஒரு கடன் கார்டு தருவார்கள். கொஞ்சமாகச் செலவழித்து, தேதிக்கு முன்னால் கட்டிவிட வேண்டும். அதுதான் பதிவாகும்.

"உங்களுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

"தினம் நாலு பேரை 'இந்தக் கார்டு எடுக்காது'ன்னு திருப்பி அனுப்பறேன். அவங்க முகத்தைப் பார்த்து வீட்டுக்குப் போனா சாப்பாடு இறங்கறதில்லை. அப்புறம் என்ன வழின்னு தேடிப் படிச்சேன்."

'இப்படியும் ஒரு ஆளா...' கோரா சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

அவள் டெபாசிட் கட்டினாள். சனிக்கிழமை தோறும் சூப் தொடர்ந்தது. அவன் ஜோக் சொல்வான், அவளுக்குப் புரை ஏறும். செப்டம்பரில் ஒருநாள், காதுவரை சிவந்துபோய், அவன் ஆரம்பித்தான்.

"இன்னொரு வழியும் இருக்கு. என் கார்டுல உங்க பேரையும் சேர்த்துடலாம். என்னோட நல்ல பேர் உங்க ஸ்கோரையும் தூக்கிவிடும். கிறிஸ்துமஸுக்குள்ள வீடு கிடைக்கும்."

"வேண்டாங்க."

"இதுல எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை."

"வேண்டாம்."

இதுவும் மூன்று முறை கேட்க வேண்டிய மினசோட்டா மறுப்புதானே என்று நினைத்தான், அந்த அசடு. மூன்றாவது முறையும் கேட்டான். "சேர்த்துக்கலாமே, கோரா..."

"வேண்டாம்னா வேண்டாம், வெண்டல்!" அவள் கண் கலங்கிவிட்டது. "ஒருத்தன் பேரோட என் பேரைச் சேர்த்துத்தான் நடுத்தெருவுல நின்னேன். எனக்கு இப்போ வேண்டியது வீடு மட்டுமில்ல. என் பேரை நானே தூக்கி நிறுத்தணும். அதையும் நீங்க பிச்சையாப் போட்டுட்டா, அப்புறம் எனக்குன்னு என்ன இருக்கு?"

"பிச்சையா... நான் அப்படி நினைக்கலைங்க."

அவன் மெல்ல எழுந்து போனான். அடுத்த சனிக்கிழமை அவள் போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. 'போனால் சரி என்று சொல்லிவிடுவேன்...' அந்தப் பயம் அவளுக்கு.

ஏரி உறைந்தது. கோரா பாலுக்கும் பஸ்ஸுக்கும் கார்டைத் தேய்த்தாள். தேதிக்கு ஐந்து நாள் முன்பே கட்டினாள். வெண்டல் தேடி வரவில்லை. வராதது அவன் மரியாதை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வலித்தது. சனிக்கிழமை மத்தியானங்களில் அவளுக்கு அவன் நினைப்பே வந்தது.

மார்ச் மாதம் மேட்டுத் தெருவில் வேறொரு அறை காலியானது. கோரா விண்ணப்பித்தாள். மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது: "வந்து கையெழுத்துப் போடுங்கம்மா."

போட்டாள். சாவியை வாங்கிக்கொண்டு நேராக வாடகைக் கார் அலுவலகத்துக்கு வந்து வரிசையில் நின்றாள். முன்னால் இரண்டு பேர், பின்னால் பெட்டியோடு ஒரு பெரியவர். அவள் முறை வந்தபோது வெண்டல் நிமிர்ந்தான்... கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

"வண்டி... வேணுங்களா?"

"வேண்டாம். வீடு கிடைச்சிருச்சு. என் ஒரே கையெழுத்துல."

"உங்களால முடியும்னு எனக்குத் தெரியும்." அவன் சிரித்தான். கண்ணாடி மங்கியது.

"இப்போ எனக்கு உங்ககிட்ட எந்த உதவியும் தேவையில்லை, வெண்டல். அதான் வந்தேன். செப்டம்பர்லயே உங்களை எனக்குப் பிடிச்சுப்போச்சு. ஆனா பிடிச்சது உங்களையா, உங்க உதவியையான்னு அப்போ எனக்கே தெரியலை. ஆறு மாசம் ரெண்டும் இல்லாம இருந்து பார்த்தேன். உதவி இல்லாம இருந்துட்டேன்..." அவன் கண்களை நேராகப் பார்த்தாள். "நீங்க இல்லாமத்தான் இருக்க முடியலை."

பின்னாலிருந்த பெரியவர் பெட்டியைக் கீழே வைத்தார். "தம்பி, ஏதாவது சொல்லுப்பா! எனக்கு அவசரமில்லை."

வெண்டல் மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தான்.

"அன்னிக்கு நான் கேட்டது கார்டைப் பத்தி இல்லை, கோரா. 'உன்னைக் காதலிக்கிறேன்'னு சொல்ல வாய் வரலை. கையில இருந்த ஒரே நல்ல விஷயத்தை நீட்டினேன். தப்பா நீட்டிட்டேன். இப்போ சொல்றேன்... உன்னைக் காதலிக்கிறேன். உன் பேர் உன்னோடதாவே இருக்கட்டும். நான் பக்கத்துல இருந்தாப் போதும்."

கோரா அழுதுகொண்டே சிரித்தாள். வீட்டுச் சாவியை இறுகப் பிடித்திருந்த கையால் அவன் கையைப் பற்றிக்கொண்டாள்.