மூலைக் கட்டிலில் கிராம்பு வாசம்

மம்சாபுரத்திலிருந்து வந்து இறங்கிய முனீஸ்வரிக்கு, ராஜபாளையத்துக்கு வெளியே இருந்த அந்த நூல் மில் விடுதியில் மூலைக் கட்டில்தான் மிச்சம் இருந்தது. வெயில் எட்டிப் பார்க்காத மூலை. பெட்டியை வைத்ததுமே கிராம்பு வாசம் அடித்தது. முன்னால் யாரோ பல்வலிக்காரி இருந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே அவளுக்கும் வலி கண்டது. இடது கடைவாயில் புதுப் பல் ஒன்று பாதி முளைத்து நிற்க, அதன்மேல் ஈறு கவிந்து வீங்கியது. சோற்றுப் பருக்கை உள்ளே போய்ச் சிக்கினால் உயிர் போனது.

"டாக்டர்ட்ட போகணும்க்கா. கேட்டைத் தொறந்து விடுங்க."

விடுதியைப் பார்த்துக்கொள்ளும் வேலுத்தாயின் இடுப்பில் சாவி தொங்கியது. "கடவாப்பல்லு மொளைச்சா புத்தி வரும்பாவ. ஒனக்கு லீவு கேக்கத்தான் வருது. தொறக்கக் கூடாதுன்னு மொதலாளி சொல்லிருக்காவ. உப்பை வறுத்து ஒத்தடம் குடு, அமுங்கிரும்."

கால் சுளுக்கினாலும் கன்னம் வீங்கினாலும் அந்த விடுதியில் உப்பு ஒத்தடம்தான். சூடு பட்டபோது இதமாகத்தான் இருந்தது. மறுநாள் வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கிவிட்டது. வாய் ஒரு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. எச்சில் விழுங்குவதே பெரும்பாடாயிற்று.

மத்தியானம் கரண்டு போனது. மில் இரைச்சல் மொத்தமும் அடங்கிய அமைதியில்தான் அவளுக்கு அது கேட்டது.

நறநறவென்று பல் அரைபடும் ஓசை.

கட்டிலுக்கு அடியிலிருந்து.

பக்கத்துக் கட்டில் பாண்டீஸ்வரி குசுகுசுத்தாள். "ஏட்டி, ஒனக்கும் கேக்குதா? சுடலைமாடத்தி கெடந்த கட்டிலு அது. இதே பல்லு. இதே உப்பு. தொண்டை அடைச்சு, கேட்டைப் புடிச்சு உலுக்கிக்கிட்டே செத்தா. இந்த வேலுத்தாயி தொறக்கல."

முனீஸ்வரி கட்டிலை விட்டு எழுந்தாள். ஆத்திரம் மூண்டது.

வேலுத்தாய் சூடான உப்பு முடிச்சோடு வந்து நின்றாள். "கன்னத்தைக் காட்டு."

"வேண்டாம். சாவியைக் குடுங்க."

"யாருட்ட என்ன பேசுத? நான்..."

பேச்சு பாதியில் நின்றது. கிராம்பு வாசம் குப்பென்று எழுந்தது.

வேலுத்தாயின் தாடை இறுகியது.

நறநற.

இப்போது ஓசை அவள் வாய்க்குள்ளிருந்து வந்தது. கண் பிதுங்க, இரண்டு கையாலும் தன் வாயைப் பிளக்கப் பார்த்தாள். முடிச்சு விழுந்து உப்பு தரையெங்கும் சிதறியது. அந்த உப்பில், யாரும் மிதிக்காமலே, ஒரு காலடி பதிந்தது. விரல்கள் கேட்டைப் பார்த்திருந்தன.

முனீஸ்வரி அவள் இடுப்பிலிருந்த சாவியை உருவி, கேட்டைத் திறந்துகொண்டு நடந்தாள். ஊர்ப்பக்கம் போன பஸ்ஸில் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் போய் விழுந்தாள். பல் டாக்டர் ஷமீமா ஈறுக்கடியில் இருந்த சீழைக் கழுவி, ஊசி ஏற்றிப் படுக்கவைத்தார்.

"நாளைக்கு வந்திருந்தா மூச்சே அடைச்சிருக்கும்மா. வெளிய சூடு வைக்கவே கூடாது. வெதுவெதுப்பா உப்புத் தண்ணியை வாய்க்குள்ள கொப்பளிக்கணும். வீக்கம் வத்தட்டும், பொறவு பல்லை எடுத்துரலாம்."

வீக்கம் வற்றிய அன்று பாண்டீஸ்வரி போன் செய்தாள்.

"வேலுத்தாயி வாய் இன்னும் தொறக்கலட்டி. ஆனா விடுதி கேட்டு பூட்டப் பூட்டத் தானாத் தொறந்துக்கிடுது. நாளைக்கு மொதலாளியே வந்து தன் கையால பூட்டப் போறாவளாம்."

முனீஸ்வரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

போனுக்குள், பாண்டீஸ்வரியின் குரலுக்கும் பின்னால், நறநறவென்று பல் அரைபட்டது.