உபதேசியார் மேசைக்கு மெருகு

விடிந்தும் விடியாததுமாகச் சாரம்மாள் தொடங்கிவிட்டாள். தொழுவத்திலிருந்து சாராய வாடை வருகிறதாம். பாளையங்கோட்டையில் உபதேசியார் வீடு என்றால் எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டிலா சாராயம்!

"ஏட்டி, உம்புருசன் குடிக்கானா? மூத்தவன் போன வழியில இளையவனும் போறானா...?"

"அவுக தொட்டதே இல்ல அத்தே" என்றாள் மருமகள் ஹெப்சிபா.

"அப்பம் ஆரு?"

அதைத்தான் அவளால் சொல்ல முடியவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் மூத்தவன் கிருபைராஜ் குடித்துவிட்டு வந்து, குடும்ப ஜெபத்தின் நடுவே, தன் அப்பா, காலஞ்சென்ற உபதேசியாரின் தேக்கு மேசைமேல் விழுந்தான். வேதப்புத்தகம் தரையில் கிடந்தது. சாரம்மாள் மகனைத் தெருவிலும் மேசையைத் தொழுவத்திலும் தள்ளினாள். அவன் கொழும்புக்குப் போய், துரைமார் பங்களாக்களில் மரச்சாமானுக்கு மெருகு போடக் கற்றுக்கொண்டான், குடியையும் விட்டான். மேசையோ மழையிலும் மாட்டு மூத்திரத்திலும் ஊறி வெளுத்துப்போனது.

போன வாரம் கொல்லைப்புறமாக வந்து நின்றான். மேசையைப் பழையபடி ஆக்கிய பிறகுதான் அம்மா முகத்தில் விழிப்பேன், அதுவரை சொல்லாதே தாயி என்று கெஞ்சினான். ஹெப்சிபா வாக்குக் கொடுத்தாள். சாரம்மாள் வீடு வீடாக வேதம் வாசிக்கப் போகும் பகல்களில் அவன் வந்து வேலை செய்தான். மெருகுக்கான அவலரக்கை, அவல் மாதிரித் தட்டையான அந்த அரக்குச் செதில்களை, எரிசாராயத்தில்தான் கரைக்க வேண்டும் என்பது பாவம், ஹெப்சிபாவுக்கு முன்பு தெரியாது.

"ஆருன்னு சொல்லாத நீ ஞாயித்துக்கிழம கோயில்ல இராப்போசனம் வாங்க வரப்படாது. போதகரையாகிட்ட நானே சொல்லுதேன். நாளைக்கே ஒங்கப்பன் வீட்டுக்குப் போயிரு."

 கொடுத்த வாக்கை நினைத்து, ஹெப்சிபா தன் சேலைகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

அன்று சாரம்மாள் வெளியே போகவில்லை. குப்பியைத் தேடி உடைக்கிறேன் என்று விளக்குமாற்றோடு தொழுவத்துக்கு நடந்தாள். ஹெப்சிபா பின்னாலேயே ஓடினாள். அங்கே கிருபைராஜ், அம்மா போயிருப்பாள் என்ற நம்பிக்கையில், துணிப்பொட்டலத்தை மெருகில் தொட்டு மேசையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். காலடி கேட்டு எழுந்தான்.

சாரம்மாள் விளக்குமாற்றைப் போட்டாள். மகனின் தாடையைப் பிடித்து வாயை முகர்ந்தாள். நம்பாமல் இன்னொரு தடவை முகர்ந்தாள். பழைய சோற்றின் வாடையும் வெங்காய வாடையும் மட்டுமே இருந்தன. பிறகு மேசையைப் பார்த்தாள். தேக்கின் ரேகைகள் செம்பொன்னாக எழுந்திருந்தன.

"இன்னும் ரெண்டு காலு பாக்கி இருக்கும்மா" என்றான் அவன், குழந்தை மாதிரி அழுதுகொண்டே.

சாரம்மாள் மருமகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "என்னவெல்லாம் பேசிட்டேன்... அம்புட்டையும் முழுங்கிட்டு நின்னியே, எம்மவளே..."

மூவரும் அழுது ஓய வெகுநேரம் ஆயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு சாரம்மாள் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது ரெண்டு காலுக்குப் பத்தாதுலே. போயி இன்னொரு குப்பி வாங்கிட்டு வா. எவனாவது கேட்டா, உபதேசியார் பெஞ்சாதி கேட்டாள்னு சொல்லு."