அடுத்த ஆள்

சேரம்பாடிக்கு மேலே மூடிக் கிடந்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெரட்டுக் கொட்டகையை ரமேஷ்குமார் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் திறந்தான். விடிகாலையில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்ட இடம் அது. பதினாலு பேர் சேர்ந்து உட்கார வேறெங்கும் இடம் கிடைக்கவில்லை.

அவன் நடத்துவது கதை விளையாட்டு. ஆளுக்கொரு பாத்திரம். அவன் கதையைச் சொல்லுவான். தன் பாத்திரம் என்ன செய்கிறது என்று அவரவர் சொல்ல வேண்டும். பிழைப்பதும் சாவதும் பகடையின் கையில். நாலைந்து பேருக்கு ஏற்ற ஆட்டம். கூட்டம் பெருகியதும் அவன் ஒரு விதி வைத்தான். பெயர் கூப்பிட்டதும் பதில் வர வேண்டும். தயங்கினால் அடுத்த ஆள்.

வாசுகி யோசித்துத்தான் பேசுவாள். மழைக்காலம் முழுக்க, அவள் வாயைத் திறப்பதற்குள் ரமேஷ்குமார் அவளைத் தாண்டிப் போயிருக்கிறான்.

கொட்டகைக்குள் பாசியும் பழைய சாக்கும் நாறின. மூடுபனி தகரக் கூரையில் நீராகிச் சொட்டியது.

"இங்கதான் கருப்பம்மான்னு ஒருத்தங்க செத்தாங்களாம்," என்றான் தனசிங். அவன் அப்பா அந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். "காய்ச்சல்ல கொரலே எழும்பல. மேஸ்திரி பேரக் கூப்பிட்டுப் பாத்துட்டு அடுத்த ஆளுக்குப் போயிட்டாரு. பதிவுல பேரு விழாட்டி அன்னைக்கு வேலையில்ல. மறுநாளும் வந்து நின்னாங்க. அதே கததான். நின்ன எடத்துலயே போயிட்டாங்களாம்."

"அப்ப நம்ம வாசுகிக்குச் சொந்தக்காரங்க," என்றான் ஷிஜோ.

எல்லோரும் சிரித்தார்கள். ரமேஷ்குமார் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான்.

ஆட்டம் தொடங்கியது. வாசுகியின் பாத்திரம் ஒரு வைத்தியச்சி. பாழுங்கிணற்றில் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். கயிறு அறுந்துகொண்டிருந்தது. அவளைக் காப்பாற்றும் வழியை வாசுகி வாரம் முழுக்க யோசித்து வைத்திருந்தாள்.

"வாசுகி."

"நான் வந்து..."

"அடுத்த ஆள். ஷிஜோ."

"சொல்லிட்டுத்தானே இருக்கேன், அண்ணா!"

"இத்தன பேர வச்சுக்கிட்டு ஒனக்காகக் காத்துக் கெடக்கவா? வைத்தியச்சி விழுந்துட்டா. செத்துட்டா. ஷிஜோ, நீ சொல்லுடா."

பகடையை அவன் உருட்டவே இல்லை. வாசுகி அவனை முறைத்தாள்.

ஷிஜோ வாயைத் திறந்தான். காற்று மட்டும் வந்தது.

"வெளயாடாதடா. அடுத்த ஆள். ஆன்சி."

ஆன்சியின் உதடுகள் அசைந்தன. சத்தமில்லை. அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"தனசிங்."

தனசிங் ஓசையில்லாமல் அழுதான்.

ரமேஷ்குமாரின் முதுகுக்குப் பின்னால், சளி கட்டிய நெஞ்சு ஒன்று மூச்சை இழுத்தது.

"ரமேஷ்குமார்."

பெண் குரல். கரகரத்த, கோபம் இறுகிப்போன குரல்.

அவன் வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் வரவில்லை.

குரல் காத்திருந்தது. அவன் யாருக்கும் கொடுக்காத நேரத்தை அவனுக்குக் கொடுத்தது.

பிறகு, "நீ என்ன புள்ள சொல்ற, வாசுகி?" என்றது மெதுவாக.

ரமேஷ்குமார் அவளைப் பார்த்துக் கைகூப்பினான். இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னால் போதும், அவன் பிழைத்துக்கொள்வான். அது அவளுக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்றுதான் தெரியவில்லை. அத்தனை நாளும் அவர்கள் சிரித்த சிரிப்பு அவள் காதில் கேட்டது.

இந்த முறை அவள் தயங்கவில்லை.

"அடுத்த ஆள்."

மற்ற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் குரல் திரும்பியது. கத்திக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்கள். ரமேஷ்குமாரை யாரும் கூப்பிடவில்லை. அவன் காலில் இடறிய ஆன்சிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் நின்றிருந்தாள். ஓடிப்போய் அவள் எதிரே நின்றான். தோளைப் பிடித்து உலுக்கினான். அவள் நழுவிய சேலையைச் சரிசெய்துகொண்டு பாதையையே பார்த்தாள்.

"எங்க போய்த் தொலஞ்சான் இந்தப் பய," என்று முணுமுணுத்தாள்.

பிறகு அவள் பார்வை அவன் தோளுக்குப் பின்னால் நிலைத்தது. முகம் இளகியது.

"யாரு புள்ள அது? காய்ச்சல்ல கண்ணு இப்படிச் செவந்து கெடக்குதே! ஏன் நின்னுகிட்டே இருக்க? உள்ள வந்து உக்காரு."