தாழியில் ஏறிய மண்

முந்தின நாள் சாயங்காலம் இரண்டு சாண் ஆழத்துக்கு மண்ணெடுத்துவிட்டுப் போன தாழி, காலையில் வந்து பார்த்தபோது ஒரு சாண் ஆழம்தான் இருந்தது.

சியாமளா அளவுகோலை மறுபடி இறக்கிப் பார்த்தாள். குறிப்பேட்டில் அவள் கையெழுத்து நாற்பத்துநான்கு சென்டிமீட்டர் என்றது. அளவுகோல் இருபத்திரண்டு என்றது.

தொல்லியல் துறையில் பதினெட்டு வருஷம். அது போக, வருஷத்துக்கு ஒரு துப்பறியும் நாவல் எழுதுகிறவள். இரண்டும் அவளுக்கு ஒரே வேலைதான். மண்ணை யாராவது கலைத்திருந்தால், கலைத்தவனுக்கு ஒரு காரணம் இருக்கும்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் ரோட்டோரத்தில், ஜெகதீசன் என்பவருடைய வீடு அது. பின்னறையில் பாத்ரூம் கட்ட சிமெண்ட் தரையை உடைத்தபோது ஒரு கல்பலகை தட்டுப்பட்டது. அதன் கீழே, செத்தவர்களை வைத்துப் புதைக்கும் பழங்காலத் தாழி, வாய்வரை மண்மூடி நின்றது. குடும்பம் கூடுவாஞ்சேரிக்குக் குடிபோய்விட, வீடு இப்போது சியாமளாவின் பொறுப்பில் இருந்தது. திங்கட்கிழமை மேலதிகாரிகள் வருகிறார்கள். மண்ணடுக்கு கலைந்துபோனது என்று தெரிந்தால், அவள் வாழ்நாளில் கிடைத்த ஒரே பெரிய கண்டுபிடிப்பை வேறொருவர் கையில் கொடுத்துவிடுவார்கள்.

காவலுக்கு இருந்த சின்னையனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, நேத்து நான் போனப்புறம் யாராவது உள்ள வந்தாங்களா?"

"யாரு மேடம் வருவா? கதவு பூட்டிக்கினு கீது. சாவி என் இடுப்புல கீது."

"அப்ப மண்ணு எப்படி ஏறுச்சு?"

"என்னிய கேட்டா? நான் இன்னாத்துக்கு அதுல மண்ணு கொட்டப் போறேன்?" சொல்லிவிட்டு அவர் தாழியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். "உள்ள எதுவோ சொரண்டற மாதிரி கேக்குது மேடம். எலின்னு வுட்டுட்டேன்."

அவள் நம்பவில்லை. அன்று திரும்பவும் மண்ணெடுத்து, தாழியின் வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, சுற்றிலும் டேப் ஒட்டி, டேப்பின் மேல் கையெழுத்துப் போட்டாள். தரை முழுக்கக் கோலமாவைத் தூவினாள். அவள் நாவலில் வரும் இன்ஸ்பெக்டர் இப்படித்தான் ஒரு திருடனைப் பிடிப்பார்.

மறுநாள் காலை மாவில் ஒரு பல்லி ஓடிய தடம்கூட இல்லை. டேப் கிழியவில்லை. கையெழுத்து அப்படியே இருந்தது. பிளாஸ்டிக் தாள் மட்டும், நிறைமாத வயிறு போல, உள்ளிருந்து மேலே உப்பியிருந்தது.

விரலால் அழுத்திப் பார்த்தாள். அமுங்கியது. விரலை எடுத்ததும் மெதுவாக எழும்பியது.

"மூடிட்டு வந்துடு மேடம்." சின்னையன் வாசற்படியைத் தாண்டவில்லை. "எனக்கு இன்னமோ பேஜாரா கீது. நான் இனிமே இங்க இருக்க மாட்டேன்." சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, குடைகூட எடுக்காமல், மழையில் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்துவிட்டார்.

மழையைப் பார்த்ததும்தான் அவளுக்கு உறைத்தது. நாலு நாளாக விடாத மழை. நிலத்தடித் தண்ணீர் ஏறுகிறது. தாழியின் அடி உடைந்திருக்கும், தண்ணீர் மண்ணை மேலே தள்ளுகிறது, அவ்வளவுதான். தனியாகவே சிரித்துக்கொண்டாள். அடிவரை தோண்டி அந்த உடைப்பைப் போட்டோ எடுத்துவிட்டால் திங்கட்கிழமை யாருக்கும் பதில் சொல்லலாம்.

பிற்பகல் மூன்று மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தகரக் கூரையில் மழை இரைய, ஈரச் சுவரின் சுண்ணாம்பு வாடையும் தாழியிலிருந்து எழும்பிய உப்பு வாடையும் ஒன்றாகத் தொண்டையில் படிய, அவள் தரையில் குப்புறப் படுத்து, நடுவில் ஒரு குழி போலக் கரண்டியால் மண்ணை வாரி வாரி வெளியே போட்டாள். தோள்வரை கை உள்ளே போயிற்று. கன்னம் சிமெண்டில் பதிந்தது.

வாரிப் போட்ட மண் கண்ணெதிரே குவிந்திருந்தது. முதலில் செம்மண். அப்புறம் மஞ்சள் களி. இப்போது சிப்பி கலந்த கடல் மணல். எதிலும் தண்ணீர் படிய வைத்த வரி இல்லை. கட்டி இல்லை. உதிரி உதிரியாக, சலித்த மாதிரி.

இந்த மண்ணை அவளுக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாகக் குழிகளின் ஓரத்தில் பார்த்த மண். தோண்டுகிறவர்கள் ஒதுக்கிப் போடும் மண்.

கீழேயிருந்து.

மழை நின்றது. அடுத்த கணம், விரல்கள் தாழியின் அடி இருக்கவேண்டிய இடத்துக்கு எட்டின. அடி இல்லை. வழவழப்பான ஓர் ஓட்டை. அதற்குக் கீழே தண்ணீர் இல்லை. காற்று.

கையை இழுத்தாள். வரவில்லை. சுற்றிலும் இருந்த மண் சரிந்து அக்குள்வரை இறுகியிருந்தது.

ஏதோ அவள் சுண்டுவிரலைத் தொட்டது. பிடிக்கவில்லை. நாரோ மயிரோ, மெல்லிய ஒன்று, விரலில் ஒட்டிய மண்ணைத் துடைத்தது. அடுத்த விரல். அதற்கடுத்தது. நக இடுக்கை முள் போன்ற ஒன்று சுத்தம் செய்தது. வலிக்கவில்லை. அவ்வளவு பக்குவம். எலும்பை அவள் இப்படித்தான் துடைப்பாள்.

"சின்னையன் அண்ணா!"

ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துப் போயிற்று.

மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒரு சாண் வைத்து அளந்தது ஒரு கை. நின்றது. மறுபடி அளந்தது. ஈர நூல் ஒன்று மணிக்கட்டைச் சுற்றியது. முடிச்சு. இன்னொரு முடிச்சு. கிடைத்த பொருளில் அடையாளச் சீட்டு கட்டும்போது அவளும் இரட்டை முடிச்சுதான் போடுவாள்.

பிறகு ஒன்றுமில்லை.

பிறகு, அவள் கன்னத்துக்கு நேர் கீழே, சுரண்டல்.

தலையைத் தூக்கப் பார்த்தாள். இறுகிய மண் தோளைக் கீழே இழுத்தது. சிமெண்ட் அதிர்ந்தது. கண்ணுக்கு முன்னால் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது. அதன் வழியே, தூசியை ஊதித் தள்ளுகிற ஒரு மூச்சு, மிக மெதுவாக, அவள் இமையில் பட்டது.