துணுக்கின் மூச்சு

நெபுலைசரை அணைத்ததும் வீடு சட்டென்று அமைதியானது. துணிப்பைக்குள்ளிருந்து வந்த மூச்சு அந்த அமைதியில்தான் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. இழுப்பு இல்லை, கரகரப்பு இல்லை. காலையிலிருந்து ஈரத்துணியைக் கிழிப்பது போலக் கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சத்தம் போன இடம் தெரியவில்லை. இப்போது மூச்சு உள்ளே போய், கொஞ்சம் நின்று, நிதானமாக வெளியே வந்தது. வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் படுத்த ஆள் விடும் மூச்சு மாதிரி இருந்தது.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். அவள் சந்தோஷப்படவும் செய்தாள். ஆனால் பையின் மேல் போர்த்தியிருந்த ஈரத்துண்டைச் சரிசெய்யப் போன கை பாதி வழியில் நின்றுவிட்டது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

துணுக்கு அவள் மகளின் முயல். தையல் அறையில் கீழே விழும் வெட்டுத்துணிகளைக் கவ்விக்கொண்டு ஓடும் என்பதால் மகள் வைத்த பெயர் அது. சில நாட்களாகவே அதற்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. துடைத்துத் துடைத்து முன்னங்கால் மயிரெல்லாம் சடை பிடித்துவிட்டது. இன்று காலையில் தலையை மேலே தூக்கிவைத்துக்கொண்டு, விலா உள்வாங்க உள்வாங்க அது மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்ததும் பதறியடித்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினார்கள்.

மருத்துவர் அதட்டலாகப் பேசுகிற பெண்மணி, ஆனால் அவர் கை மட்டும் முயலின் மேல் பூப்போலப் பட்டது. "முயலுக்கு மூக்குதான் எல்லாம். நமக்கு மூக்கடைச்சா வாயால விட்டுக்கறோம், அதுக்கு அந்த வசதி கிடையாது. வாயைத் திறந்துடுச்சுன்னா நிலைமை கைமீறிப் போகுதுன்னு அர்த்தம், போட்டது போட்டபடி தூக்கிட்டு வந்துடுங்க. இன்னொண்ணு, பயமுறுத்தவே கூடாது. மூச்சு முட்டுற முயல் பயத்துலயே போயிடும். மருந்து புகை அடங்குற வரைக்கும் பையைத் திறக்காதீங்க. அப்புறம் அந்தத் தையல் தூசி, அது ஆகவே ஆகாது."

அந்தக் கடைசிப் பேச்சு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தையல் அறையைச் சாத்திவிட்டு, துணுக்கின் பையைக் கூடத்து பெஞ்சுக்கு மாற்றினாள். பையும் அவள் தைத்ததுதான். கெட்டிப் பருத்தித் துணி, முன்பக்கம் வலை, மேலே ஜிப், மருந்துக் குழாய் நுழைய ஓரத்தில் காஜா எடுத்த ஒரு துளை. துணுக்கு திரும்பிப் படுக்கத் தாராளமாக இடம் விட்டு அளந்து தைத்திருந்தாள். அளவில் அவள் தவறியதே இல்லை. ஆளைப் பார்த்தே தோளளவு சொல்லிவிடுவாள். இருட்டில் தொட்டே எது பருத்தி, எது கலப்புத் துணி என்று பிரித்துவிடுவாள்.

சாயங்காலம் பள்ளியில் நாடக ஒத்திகை. போகமாட்டேன் என்று மகள் அழுது அடம்பிடித்தாள்.

"நான் வர்ற வரைக்கும் அதுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதும்மா."

"ஒண்ணும் ஆகாது. என் கையில விட்டுட்டுப் போறல்ல, அப்புறம் என்ன?"

"எனக்குச் சளி பிடிச்சா ஒரு மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆளில்ல, முயலுக்கு வந்த வாழ்வைப் பாரு" என்று கணவன் வண்டிச் சாவியை எடுத்தபடி சிரித்தான். மகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அழுகையாக மாறிவிடக் கூடாது என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே கவலை.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. துணுக்கை மடியில் வைத்து, வெந்நீரில் நனைத்த பஞ்சால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. கூடவே ஓர் இடி. மடியிலிருந்து துணுக்கு எகிறிக் குதித்து ஓடியது. தையல் அறைக் கதவை அவள் சரியாகச் சாத்தியிருக்கவில்லை போலிருக்கிறது, உள்ளே நகங்கள் தரையில் வழுக்கும் ஓசை கேட்டது. கைபேசி சமையலறையில் இருந்தது. அதை எடுத்துவரப் போனால் அதற்குள் அது எங்கே போய் முட்டிக்கொள்ளுமோ என்று பயந்து, அவள் அப்படியே முட்டி போட்டுத் தவழ்ந்து உள்ளே போனாள்.

கண் தெரியாவிட்டால் என்ன, கை இருக்கிறதே என்று நினைத்தாள். வெட்டுமேசைக்கு அடியில், வெட்டுத்துணி மூட்டைகளுக்குப் பின்னால், சுவர் மூலை வரை துழாவினாள். மயிர் தட்டுப்பட்டது. சூடு. ஏறி இறங்கும் விலா. இரு கைகளாலும் வாரி எடுத்தாள். எப்போதும் தூக்கினால் பின்னங்காலால் உதைக்கும், இன்று உதைக்கவில்லை. கொஞ்சம் கனத்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு வாடை அடித்தது. பயத்தில் விறைத்துப் போயிருக்கிறது, மழை வாடையாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, கூடத்துக்குத் தூக்கிவந்து, பையில் வைத்து, ஜிப்பை மூடி, ஈரத்துண்டைப் போர்த்தினாள். கரண்ட் வந்ததும் மருந்தை ஊற்றி நெபுலைசரை ஓடவிட்டாள்.

அதைத்தான் இப்போது அணைத்திருந்தாள். அவள் மருத்துவரை அழைத்தாள்.

"டாக்டர், இழுப்பு நின்னுடுச்சு. அமைதியா மூச்சு விடுது."

"அட, நல்ல விஷயம். எவ்வளவு வேகமா விடுது? பையைத் திறக்க வேணாம், மேல கை வச்சுப் பாருங்க."

துண்டுக்கு அடியில் கையை நுழைத்துப் பையின் மேல் வைத்தாள். துணி வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளிருந்து மெல்ல மெல்ல மேலே வந்து அவள் உள்ளங்கையை நிறைத்தது, பிறகு மெல்ல இறங்கியது.

"மெதுவா விடுது டாக்டர்."

"மெதுவான்னா?"

"நம்மள மாதிரி."

"முயல் அப்படி விடாதும்மா. தூங்கும்போதுகூட வேகமாத்தான் விடும். உங்க மூச்சே உங்களுக்குத் தெரியுதோ என்னவோ. வலை வழியா மெதுவாப் பாருங்க, மூக்கு நுனி ஆடணும். ஆடலைன்னா உடனே கிளம்பி வாங்க, நான் இங்கதான் இருக்கேன்."

கைபேசியைக் கீழே வைத்தாள். தன் மூச்சாகத்தான் இருக்கும். பார்த்துவிடலாமே என்று அவள் மூச்சை அடக்கினாள். கைக்கு அடியிலும் அது நின்றது. அப்பாடா என்று மூச்சை விட்டாள்.

அது விடவில்லை.

அவள் இன்னொரு தரம் இழுத்து, விட்டு, மறுபடியும் இழுத்த பிறகும் பை அசையாமல் இருந்தது. காது கொடுத்துக் கேட்பவர்கள் அப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு, இவள் விடும் நேரம் பார்த்து, அதுவும் கூடவே விட்டது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அப்போதுதான் பையின் ஓரத் தையலைப் பார்த்தாள். தையல் பல்லிளித்துக்கொண்டிருந்தது. நூல் ஒவ்வொரு இடத்திலும் இழுபட்டு, துளைகள் விரிந்து தெரிந்தன. துணுக்கு திரும்பிப் படுக்க இடம் விட்டுத் தைத்த பை. ஈரத்தில் துணி சுருங்கியிருக்கும் என்று நினைத்தாள். சுருங்கவே சுருங்காத துணி என்று தேடி வாங்கியவளே அவள்தான்.

முன்பக்கத் துண்டின் ஓரத்தை விரலால் தூக்கினாள். வலைக்கு அந்தப் பக்கம் மருந்துப் புகை இன்னும் வெள்ளையாக நின்றது. காது தெரியவில்லை. மூக்கு தெரியவில்லை. வலை மட்டும் உள்ளே ஒட்டியது, வெளியே உப்பியது. உள்ளே ஒட்டியது. வெளியே உப்பியபோது அவள் விரல்களில் காற்று பட்டது. சூடான, ஈரமான, பிசுபிசுப்பான காற்று. மூக்கிலிருந்து வரும் காற்று அப்படி இருக்காது.

வாயால் விடுகிறது.

துண்டை விட்டுவிட்டாள். வாயைத் திறந்தால் தூக்கிட்டு வந்துடுங்க. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள், பிடித்துக்கொள்ள வேறெதுவும் இல்லை. முயலுக்கு முடியவில்லை, அவ்வளவுதான். மருத்துவரிடம் போக வேண்டும், அவ்வளவுதான். கையில் அணைத்துத் தூக்க மனம் வரவில்லை. பையைத் தோளில் மாட்டும் வார் தையல் அறையில் இருந்தது.

உள்ளே போய் விளக்கைப் போட்டாள். வார் மேசை மேலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு திரும்பியபோது, மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு வெள்ளைத் துணி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டாள். இத்தனை வருடப் பழக்கம், கீழே கிடப்பதைப் பார்த்தால் கை தானாகக் குனியும். குனிந்து இழுத்தாள்.

துணி இல்லை. கால்.

மூட்டையை நகர்த்தினாள். துணுக்கு ஒருக்களித்துக் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் துடைத்த பஞ்சின் ஓர் இழை அதன் மூக்கில் இன்னும் ஒட்டியிருந்தது. தொட்டாள். சில்லென்று இருந்தது. மருந்துப் புகை பட்டிருந்தால் மயிர் நனைந்திருக்கும். ஒரு சொட்டு ஈரமில்லை.

அவளுக்கு முதலில் அழுகைதான் வந்தது. பாவம், கை எட்டும் தூரத்தில், மூச்சுக்குத் தவித்து, யாரும் இல்லாமல் செத்திருக்கிறது. என் கையில் விட்டுட்டுப் போ என்று வாய் கிழியச் சொன்னாளே. மகளுக்கு என்ன பதில் சொல்வாள்? அதை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எவ்வளவு லேசாக இருக்கிறது. எப்போதும் இவ்வளவு லேசாகத்தான் இருக்கும்.

பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

இருட்டில் அவள் வாரி எடுத்தது எதை? மருந்து ஊற்றி, மூச்சுவிட வழி செய்து கொடுத்தது எதற்கு?

வாசலில் வண்டி வந்து நின்றது. கணவன் மழைக்கோட்டை உதறும் ஓசை. அதற்கு முன்பே கதவு திறந்து, ஈரச் செருப்பு கூடத்துக்குள் ஓடிவந்தது.

"அம்மா! துணுக்கு எப்படிம்மா இருக்கு?"

தொடாதே என்று கத்தினாள். சத்தம் வரவில்லை. வாய் திறந்திருந்தது, காற்று மட்டும் வந்தது.

"அம்மா, இழுப்பே இல்லம்மா! நல்லா மூச்சு விடுது!"

ஜிப் திறந்தது. அவள் பொருத்திய ஜிப். கடைசிப் பல் வரை திறந்தது.

மேசையைப் பிடித்து, சுவரைப் பிடித்து, செத்த முயலை இடுக்கிக்கொண்டு கதவு வரை வந்துவிட்டாள். துண்டு தரையில் கிடந்தது. மகள் பெஞ்சின் முன் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கை பைக்குள் இருந்தது. தோள் வரை இருந்தது. கன்னம் பைத்துணியில் அழுந்தியிருந்தது. அந்தப் பையின் ஆழம் அம்மாவுக்குத் தெரியும், மகளின் முழங்கைக்குக்கூட எட்டாது.

மகள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"என் விரலைப் பிடிச்சுக்கிச்சும்மா. விடவே மாட்டேங்குது."